மாப்பிள்ளை கேட்ட சாவி

குளத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் பக்கவாதத்திலிருந்து மெல்ல மீண்டு வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இன்னொருத்தி இடுப்பெலும்பு முறிந்து, முதல் தடவையாகத் தண்ணீருக்குள் நடந்து பார்க்கப் போகிற இளம்பெண். இருவரும் உடை மாற்றிக்கொண்டு, சக்கர நாற்காலியில், ஈரத் தரையில் எதிரெதிரே. மறுவாழ்வு மையத்தில் சிகிச்சைக்கென்று இருப்பது ஒரே ஒரு குளம்.

"எங்கப்பாவை வேன்லேர்ந்து இறக்கறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போயிடுது. இப்ப திரும்பிப் போங்கன்னா என்ன அர்த்தம்? உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?" என்று தலைமையாசிரியரின் மகன் கத்தினான். வரவேற்பு மேசைக்காரம்மா நிமிரவில்லை. அவளுக்குக் கேட்டம்மா என்று பெயர். வாசல் கேட் மாதிரி அவளைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது என்பதால் யாரோ வைத்த பெயர் அது.

"ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர்தான் நேரம் கொடுத்திருக்கு. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள், மாடிப்படியின் அடியைப் பார்த்து.

மாடிப்படிக்கு அடியில், தரை துடைக்கும் வாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அங்கேதான் மையத்தின் மெயில் சர்வர் இருந்தது. அதன் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தவளைச் சர்வர் அக்கா என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில், "சர்வர் வேலைக்கு வந்திருக்கேன்" என்று அவள் சொல்ல, வேன் டிரைவர், "அப்ப ரெண்டு காபி" என்றார். ஜோக் பழசாகிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. எல்லாருடைய மெயிலும், எல்லாருடைய நாட்காட்டியும் அந்தப் பழைய பெட்டிக்குள். பெட்டி தினமும் ஒரு தடவை மயக்கம் போட்டு விழும். எழுந்ததும் பாதி ஞாபகம் இருக்காது. அந்த இடைவெளியில் கொடுத்த நேரமெல்லாம் இப்படித்தான் குளக்கரையில் வந்து முட்டிக்கொள்ளும்.

மையத்தை ஆரம்பித்த பெரிய டாக்டர் அன்று அவளைக் கூப்பிட்டார்.

"புதுசா ஒண்ணு போட்டுடும்மா. மெயில், நாட்காட்டி ரெண்டும் ஒண்ணா இருக்கணும். எது நல்லதுன்னு நீயே பாரு. எல்லாரையும் கேளு. அவசரமில்ல, ஆனா ஒழுங்காப் பாரு."

பக்கத்தில் அவர் மருமகன் உட்கார்ந்திருந்தார். நிர்வாகம் அவர் கையில். முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். அவரும் தலையாட்டினார். "ஆமாம், ஜனநாயகமா பண்ணுங்க" என்றார்.

அந்தச் சொல்லை அவள் நம்பினாள். பிறகு நினைக்கும்போதெல்லாம் அதுதான் அவளுக்கு எரிச்சல்.

மூன்று மென்பொருட்கள் தேறின. அவற்றின் சின்னங்களின் நிறத்தை வைத்து நீலம், பச்சை, சிவப்பு என்று அவள் பெயர் வைத்தாள். இல்லாவிட்டால் தெரபிஸ்டுகள் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நீலம் ஒரு பெரிய கம்பெனியுடையது. எல்லாம் அவர்கள் கட்டடத்தில் இருக்கும், மாதாமாதம் வாடகை. பச்சையின் நிரல், அதாவது புரோகிராம், யாரும் படித்துப் பார்க்கக் கிடைப்பது. சொந்த மெஷினில் போட்டுக்கொள்ளலாம், பழுது பார்க்க ஒரு சின்ன நிறுவனம் பொறுப்பேற்கும். சிவப்பைக் கொண்டுவந்தவர் எப்போதும் டை கட்டிக்கொண்டு வருபவர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவருக்கு டைக்காரர் என்று பெயர் விழுந்தது.

அவள் விளம்பரப் புத்தகத்தைப் படித்து முடிவெடுக்கிற ஜாதியில்லை. மையத்தின் ஒரு வாரத்தை அப்படியே எடுத்து மூன்றிலும் போட்டுப் பார்த்தாள். ஒரு நோயாளிக்கு வாரம் இரண்டு தடவை சிகிச்சை. நடுவில் ஒருநாள் மட்டும் மாற்ற வேண்டும். நீலமும் பச்சையும் அந்த ஒருநாளை மட்டும் நகர்த்தின. சிவப்பு எல்லா நாளையும் கூண்டோடு தூக்கி அடுத்த வாரத்தில் கொண்டுபோய் வைத்தது. குளம், தெரபிஸ்ட், பிடித்து நடக்கும் கம்பி மூன்றும் ஒருசேரக் காலியாக இருந்தால்தான் நேரம் கொடுக்கவேண்டும். பச்சை முடியாது என்றால் முடியாது என்றது. சிவப்பு எல்லாருக்கும் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு எல்லாருக்கும் 'வருந்துகிறோம்' என்று மெயில் அனுப்பியது.

"வருத்தப்படறதுக்கு நாங்க ஆளே இல்லையா? அதுக்கு ஒரு மெஷின் வேற வேணுமா?" என்றாள் கேட்டம்மா.

பழைய மெயில்களை மாற்றிப் பார்த்தபோது, தமிழில் எழுதிய தலைப்புகள் சிவப்பில் கட்டம் கட்டமாக மாறிப்போயின. இணைய இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தாள். நீலம் செத்தது, பச்சை கட்டடத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தெரபிஸ்டுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு போனைக் கையில் கொடுத்தாள். அவர்கள் கையில் எப்போதும் எண்ணெயோ களிம்போ இருக்கும். ஒரு விரலால் தட்டி நேரம் பார்க்க முடிகிறதா என்று பார்த்தாள். அவளுடைய தங்கையும் அங்கேதான் வேலை. கை விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட். தங்கை மூன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "பச்சைதான்க்கா. மத்ததெல்லாம் என்னை ஏதோ பரீட்சை எழுத வைக்குது" என்றாள்.

ஏறக்குறைய எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். பல வருஷத்துக்குப் பிறகு அவளுக்குத் தன் வேலை மேல் ஆசை வந்தது. புதுப் பெட்டியை வாளிகளுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, மேல் மாடியில் காற்றோட்டமான அறை வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

முடிவெடுக்கும் கூட்டத்தில் அவள் லேப்டாப்பைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை பேசினார்.

"ஒரு நல்ல சேதி. சிவப்புக்காரங்களோட நேத்தே ஒப்பந்தம் முடிஞ்சாச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. வேறு எதற்கோ சிவப்பு என்கிறார் என்று நினைத்தாள்.

"எதுக்கு சார் ஒப்பந்தம்?"

"மெயில், காலண்டர். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்களே, அதுதான்."

"சார், இருக்கிறதுலயே மட்டமானது அது. எல்லாரும் தொட்டுப் பாத்து வேணாம்னு சொன்னது."

"குறையில்லாத சாஃப்ட்வேர் எது? நமக்குத் தோதானது அது. விடுங்க. எப்போ போடலாம்னு மட்டும் சொல்லுங்க."

அவள் பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். ஜனநாயகம் அத்தோடு முடிந்தது.

அவளுக்குக் காது மடல் கொதித்தது. தன்னை ஒதுக்கியதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. எண்ணெய்க் கையோடு ஓடி வந்து, சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு, இது நல்லா இருக்கு, அது நல்லா இல்லை என்று அவ்வளவு பேர் சொன்னார்களே, அவர்களையெல்லாம் பொம்மலாட்டம் ஆட வைத்து அவளை நூல் பிடிக்க வைத்திருக்கிறார்கள். டைக்காரர் மாப்பிள்ளைக்கு வேண்டப்பட்டவராக இருக்க வேண்டும் என்று அவள் எண்ணினாள். அப்படி மட்டும் இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பாள்.

தோது என்றால் என்ன என்று மாப்பிள்ளையின் அறையில் வைத்துத் தெரிந்தது. டைக்காரர் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தார். மேலே 'மேற்பார்வை' என்று எழுதியிருந்தது.

"இதுதான் மேடம் எங்க ஸ்பெஷல். மேனேஜர் கையில ஒரு சாவி. யாரோட மெயிலை வேணும்னாலும் திறந்து படிக்கலாம். காலண்டர்ல அந்தரங்கம்னு போட்டு மூடி வெச்சிருக்காங்க பாருங்க, அதுவும் தெரியும். திறந்தது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. தடமே இருக்காது!" சமையலறை அலமாரியைத் திறந்து காட்டுகிற பெருமை அவர் முகத்தில்.

"இது எதுக்கு சார் நமக்கு?" என்று அவள் மாப்பிள்ளையைக் கேட்டாள்.

அவர் டைக்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். குரல் ரொம்ப இதமாக இருந்தது.

"தெரபிஸ்டுங்க சில பேர் தனியா கடை விரிக்கப் பாக்கறாங்க. நம்ம நோயாளிங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. முளையிலேயே தெரிஞ்சா நல்லது. எல்லா தெரபிஸ்டுக்கும் இதைப் போட்டு, சாவியை என்கிட்ட கொடுத்துடுங்க. யார்கிட்டயும் சொல்ல வேணாம்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க தங்கச்சி பேரை விட்டுடுங்க. எனக்கும் மனுஷத்தன்மை இருக்கு. நீங்க நம்ம குடும்பம் மாதிரி."

முகத்தில் அடித்திருந்தால்கூட அவள் சுதாரித்திருப்பாள். இது வேறு. அவள் வாயில் என்னென்னவோ வந்து முட்டின. வெளியே வந்தது, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்பது மட்டும்தான்.

வீட்டுக்குப் போகிற பஸ் முழுக்க அந்தச் சொல்லை அவள் சபித்துக்கொண்டே வந்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தங்கை தப்பித்தால் சரி என்று ஒரு கணம் உள்ளே ஏதோ இளகியதே, அதுவா பதில் சொன்னது? மாப்பிள்ளை மீது இருந்த கோபத்தில் பாதி தன் மீதே திரும்பியது.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவள் சொன்னதையெல்லாம் மகளின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி தப்பிச்சாச்சு. அப்புறம் உனக்கு என்ன?"

"லிஃப்ட்டுல போறவங்க பேசறதைக் கேக்கறதுக்கு ஒரு மைக் வைன்னு கட்டடக்காரன் சொன்னா, வைப்பீங்களா?"

"நான் ஏத்தி இறக்கற ஆளு. எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. வைப்பீங்களா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "வைக்க மாட்டேன். ஆனா நான் வைக்கலைன்னா வேற எவனாவது வந்து வெச்சுட்டுப் போவான். அப்ப என் வேலை போயிருக்கும், மைக்கும் அங்க இருக்கும்."

"அதனால நானே வெச்சுடணுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா? கத்தாதே. காலர் கருகிடப் போகுது."

அவள் மேல் மாடிக்குப் போனாள். தங்கை குடும்பம் அங்கேதான் குடியிருந்தது. தங்கை பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, தனியா கிளினிக் ஆரம்பிக்கப் போறியா?"

தங்கையின் கையில் இருந்த துணிக் கிளிப் கீழே விழுந்தது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியற நாட்காட்டியில வாரத்துக்கு வாரம் 'பல் டாக்டர்'னு போட்டு வெச்சிருக்கே. உன் வாயில அவ்வளவு பல்லே கிடையாதுடி."

தங்கை சிரிப்பாள் என்று அவள் எதிர்பார்த்தாள். தங்கை சிரிக்கவில்லை.

"நீயா கேக்கறியா, அவர் அனுப்பிக் கேக்கறியா?"

"அடிப்பாவி! என்னை என்னன்னு நினைச்சே?"

"பின்னே திடுதிப்புனு வந்து கேட்டா? ஆமாம், இடம் பாத்துக்கிட்டு இருக்கோம். நானும் இன்னும் ரெண்டு பேரும். அவர் நோயாளி ஒருத்தரைக்கூட நாங்க கூப்பிடப் போறதில்லை. எங்க வீட்டுப் பக்கத்துல அப்படி ஒரு இடம் இல்லைன்னுதான்."

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சாவி, மேற்பார்வை, தடமில்லாமல் படிப்பது. கடைசியில், "உன் பேரை மட்டும் விட்டுடச் சொல்லியிருக்கார்" என்று சொன்னாள். சொல்லும்போதே தன் குரலில் ஒரு ஆறுதல் கலந்திருப்பது அவளுக்கே கேட்டது.

தங்கைக்கும் கேட்டிருக்க வேண்டும். "அதாவது என்னை வெச்சு உன்னை வாங்கறார். நீயும் விலை படிஞ்சுடுமான்னு பாக்கறே."

"வாயை அளந்து பேசு."

"என்னத்தை அளக்கறது? நாளைக்கு இது வெளியில வந்தா மத்தவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? சர்வர் அக்கா தன் தங்கச்சியை மட்டும் பொத்திப் பாதுகாத்துட்டு எங்களை மாட்டிவிட்டுட்டான்னு சொல்ல மாட்டாங்க? போடறதா இருந்தா முதல்ல எனக்குப் போடு. இல்லைன்னா யாருக்கும் போடாதே!"

ஈரத் துணியை உதறின உதறலில் அக்காவின் முகத்தில் தண்ணீர் தெறித்தது. துடைத்துக்கொண்டே அவள் படியிறங்கினாள். கோபம் இருந்தது, ஆனால் இப்போது அது எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

அடுத்த நாள் மாப்பிள்ளையிடம் நேராகவே சொன்னாள். "சிவப்பைப் போட்டுத் தரேன் சார். மேற்பார்வையைத் திறக்க மாட்டேன். திறக்கறதா இருந்தா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் திறப்பேன்."

"சரி, நீங்க போட்டுடுங்க. மத்ததை டைக்காரர் பாத்துப்பார்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். கணவர் சொன்ன அந்த 'வேற எவனாவது' அதற்குள் ஏற்பாடாகியிருந்தான். சில நாள் கழித்துப் பார்த்தபோது மேற்பார்வை எல்லார் பெட்டிக்கும் திறந்திருந்தது. தங்கைக்கும் திறந்திருந்தது. பெரிய டாக்டருக்கும்.

புது மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்கிற பயிற்சி, உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. நாற்காலி போதவில்லை. தெரபிஸ்டுகள் பாய்களிலும் பெரிய ரப்பர் பந்துகளிலும் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் பெரிய டாக்டர். பின்சுவரில் சாய்ந்தபடி மாப்பிள்ளை. மெயில் அனுப்புவது எப்படி, நேரம் மாற்றுவது எப்படி என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

"இதுல இன்னொரு வசதி இருக்கு. நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. கேட்டம்மா, கொஞ்சம் வந்து மெஷின் முன்னால உக்காருங்க."

அவள் மேற்பார்வைப் பக்கத்தைத் திறந்தாள். தன் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். சுவர் திரையில் அவளுடைய அஞ்சல் பெட்டி அப்படியே விரிந்தது. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவை. 'வரும்போது பல்பு வாங்கிட்டு வா' என்று கணவர். சிவப்பு ஏன் மட்டம் என்று அவளே பெரிய டாக்டருக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்தது. நாட்காட்டியில் பூட்டுப் படம் போட்டு, 'மார்பகக் கட்டி, பரிசோதனை முடிவு' என்று ஒரு வரி.

முந்தின நாள் அந்த வரியை அழித்துவிடலாமா என்று அவள் யோசித்தது உண்மை. அழித்துவிட்டுக் காட்டினால் அது நாடகம் என்று விட்டுவிட்டாள்.

"இதை நான் திறக்கணுமா?" என்று கேட்டாள் கேட்டம்மா. குரல் இறங்கியிருந்தது.

"திறக்கலாம். நீங்க திறந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இங்க இருக்கற எல்லாரோடதும் இப்படித்தான் திறந்து கிடக்கு. சாவி என்கிட்ட இல்லை, நிர்வாகத்துக்கிட்ட இருக்கு. இன்னிக்குக் காட்டறதுக்காக டைக்காரர்கிட்ட வாங்கினேன். அவருக்கு இது பெருமைக்குரிய விஷயம், உடனே கொடுத்துட்டார்."

கேட்டம்மா மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பந்துகள் ஆடுவதை நிறுத்தியிருந்தன. எல்லாத் தலையும் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தது.

"அதை அணைங்க" என்றார் மாப்பிள்ளை.

பெரிய டாக்டர் மெல்ல எழுந்தார். "என்னோடதும் தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

அவர் முகம் சிவந்தது. மருமகனை ஒரு பார்வை பார்த்தார். அப்பாடா, இப்போதாவது கேட்பார் என்று அவள் நினைத்தாள்.

"என்னோடதை எடுத்துடும்மா" என்றார் அவர்.

"மத்தவங்களோடது?"

"அது நிர்வாக விஷயம். அவங்க பாத்துப்பாங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவு நாளும் அடக்கியிருந்தது அந்த நிமிஷம் உடைந்தது. "உங்களோடது மட்டும் அந்தரங்கம், இவங்களோடது ஊர்ச் சொத்தா டாக்டர்?" என்று அவள் கேட்ட கேள்வி உயரமான கூரையில் பட்டு எதிரொலித்தது. அவரிடம் யாரும் அந்தக் குரலில் பேசியதில்லை.

அதற்குள் கேட்டம்மா நிதானமாக ஒன்று கேட்டாள்.

"ஏம்மா சர்வரு, அந்தப் பழைய பெட்டி இருந்துச்சே. அதுல உன்னால எங்க மெயிலைப் படிக்க முடியுமா?"

அவள் திகைத்தாள். "முடியும்."

"படிச்சியா?"

"இல்லை."

"நாங்க எப்படி நம்பறது?"

மாப்பிள்ளை கேட்டிருந்தால் வாயை அடைத்திருப்பாள். கேட்டம்மா குதர்க்கமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இத்தனை வருஷம் தன் கையில் இருந்த சாவியைப் பற்றி சர்வர் அக்கா ஒருநாளும் நினைத்ததில்லை. நான்தான் நல்லவளாயிற்றே என்று இருந்துவிட்டாள். அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அப்போது தங்கை ஒரு பச்சைப் பந்திலிருந்து எழுந்து நின்றாள்.

"சார், யார் தனியாப் போகப் போறான்னுதானே இவ்வளவும்? நான்தான். கிளினிக் ஆரம்பிக்கப் போறேன். இன்னும் இடம் அமையல. அமைஞ்சா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். அதுக்காக இத்தனை பேர் குடும்பத்தைத் தோண்டிப் பாக்காதீங்க." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தாலும் குரலில் அடங்காத கோபம். "கட்டின்னா என்ன கட்டி? எப்போ? என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சு."

"வீட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் பின்னால் தெரபிஸ்டுகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் புதிய கடவுச்சொல் போடவில்லை. கேட்டம்மா கடைசியாகப் போனாள்.

மறுநாளிலிருந்து சர்வர் அக்காவுக்குக் கட்டாய விடுப்பு. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, டைக்காரரின் ஆள் ஒருவனை உட்கார வைத்தார்கள். அவள் வீட்டில் அலமாரி அலமாரியாகத் துடைத்தாள். தங்கை தினமும் கீழே வந்து கட்டி விஷயத்துக்குத் திட்டினாள். கணவரும் சேர்ந்துகொண்டார். "ஒரு கூடத்துக்கே தெரிஞ்ச பிறகு புருஷனுக்குத் தெரியுது" என்று அவர் சொன்னபோது அவள் அடுத்த அலமாரியைத் துடைக்கப் போனாள்.

மையத்தில் யாரும் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. சிவப்புக்குள் நுழைய மாட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். யாருக்கு எப்போது நேரம் என்பதை வரவேற்பில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து எழுதினார்கள். ஈரக் கை பட்டு அது அழியும். போனில் கேட்டால் கேட்டம்மா எட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மையத்துக்கு ஊரில் இன்னும் இரண்டு கிளைகள் உண்டு; மூன்று இடத்துக்கும் ஒரு பலகை எப்படிப் போதும்? நோயாளிகள் கத்தினார்கள், சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். மாப்பிள்ளை மிரட்டிப் பார்த்தார். ஒருத்தரை மிரட்டலாம். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு யாரை வைத்து மையம் நடத்துவது?

பெரிய டாக்டர் அவள் வீட்டுக்கு போன் செய்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

"என்ன பண்ணினா இது முடியும்?"

அவள் அதை ஏற்கனவே யோசித்து வைத்திருந்தாள். "மேற்பார்வை எல்லாருக்கும் அணைஞ்சிருக்கணும். எப்பவாவது ஒருத்தர் பெட்டியைத் திறந்தே ஆகணும்னா, அவர்கிட்ட முதல்ல சொல்லணும். அந்தச் சாவி ஒருத்தர் கையில இருக்கக் கூடாது. ரெண்டு பேர் கடவுச்சொல் போட்டாத்தான் திறக்கணும். ஒண்ணு நான். இன்னொண்ணு கேட்டம்மா."

"உன் கையையே கட்டிக்கிறே."

"ஆமாம் டாக்டர்."

"சிவப்பை மாத்த முடியாது. ஒப்பந்தம் இருக்கு."

அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. வந்து என்ன? சரி என்றாள். அவர் ஒத்துக்கொண்டதற்கு நியாயம் காரணமில்லை, காலி நாற்காலிகள்தான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் வேலைக்குத் திரும்பினாள்.

சிவப்பு இன்னும் ஓடுகிறது. அதோடு மல்லுக்கட்டுவதே அவள் பிழைப்பு. கட்டம் கட்டமான தலைப்புகளை மறுபடி தமிழாக்க ஒரு சின்ன நிரல் எழுதினாள். நேரம் மாற்றும் கோளாறுக்கு டைக்காரரைத் தினமும் போனில் உரிக்கிறாள். அவர் இப்போது டை கட்டுவதில்லை. மாப்பிள்ளை அவளிடம் பேசுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் மெயில் அனுப்புகிறார், 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்து. தங்கை இடம் அமைந்ததும் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது மாப்பிள்ளைக்குக் கைகொடுத்தாள். அவரும் கை நீட்ட வேண்டியதாகிவிட்டது.

போன வாரம் ஒரு தெரபிஸ்ட் படிக்கட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவருடைய நோயாளி ஒருவருக்கு அவசரமாகத் தேவைப்பட்ட ஸ்கேன் படங்கள் அவர் மெயில் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு போன் போட்டுக் கேட்டார்கள். "திறங்க, ஆனா மத்ததைப் பாக்காதீங்க" என்றார்.

மையத்தின் மேல் மாடியில், மெஷின் முன்னால் சர்வர் அக்காவும் கேட்டம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"முதல்ல நீ போடு" என்றாள் கேட்டம்மா.

"அப்ப அந்தப் பக்கம் திரும்புங்க."

"கண்ணாடியைக் கழட்டிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"பரவாயில்ல, திரும்புங்க."

கேட்டம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சர்வர் அக்கா தன்னுடையதைப் போட்டாள். பிறகு அவள் திரும்பிக்கொள்ள, கேட்டம்மா தன்னுடையதை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். தப்பாகிவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள். வெளியே மாப்பிள்ளை கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

"இருக்கச் சொல்லு" என்றாள் கேட்டம்மா, அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டே.